ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிய ஸ்விஃப்ட்: ஒரு வருஷக் கதை, அளவுகளோடு

இது என் சித்தி பையனின் வண்டி பற்றியது. அவன் குடியாத்தத்தில் இருக்கிறான், நான் காட்பாடியில். 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 92,000 கிலோமீட்டர் ஓடியதை 2023 பிப்ரவரியில் வாங்கினான். அடுத்த ஒரு வருஷத்துக்குள் அந்த வண்டி காற்று இழுக்கும் பாதையை மூன்று விதமாக மாற்றினோம், நடுவில் ஒரு ராத்திரி இன்ஜினையே இழந்திருப்போம், கடைசியில்தான் வண்டிக்கு உண்மையில் என்ன குறை என்பது தெரிந்தது. இந்த மாதிரி வேலையை வீட்டு வாசலில் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பையன்கள் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வாங்கிய நாளிலிருந்தே அவனுக்கு ஒரே குறை. பிக்கப் இல்லை. லத்தேரி தாண்டி கே.வி.குப்பம் வரும் வழியில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஏசி போட்டால் இன்னும் மோசம் என்றான். நானும் ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். 1248 சிசி, 75 குதிரைசக்தி, 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று பெயர் வாங்கிய இன்ஜின் அது; 2,000 சுற்றைத் தாண்டியதும் முதுகைப் பிடித்துத் தள்ள வேண்டும். இந்த வண்டி தள்ளவில்லை, நகர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் நாங்கள் செய்திருக்க வேண்டியது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். செய்தது இதுதான்: ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையில் வந்த ஃபில்டர் பாக்ஸை அப்படியே கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கோன் ஃபில்டர் மாட்டினோம்.

முதல் மாற்றம்

கோன் ஃபில்டர் 1,900 ரூபாய். எண்ணெய் தடவிய பருத்தித் துணியை இரண்டு கம்பி வலைக்கு நடுவில் மடிப்பு மடிப்பாக வைத்தது, சிவப்பு நிறம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாக்ஸின் மூடியில் ஸ்க்ரூ போட்டு உட்கார்ந்திருந்த ஏர் ஃப்ளோ சென்சாரை (எவ்வளவு காற்று போகிறது என்று அளப்பது) கழற்றி, அதன் வாய்க்கு ஒரு பிவிசி ரெடியூசர், அதற்கு ஒரு எல்போ, எல்போவின் முனையில் கோன். இரண்டு ஹோஸ் கிளிப், கொஞ்சம் எம்-சீல். மொத்தம் 2,400 ரூபாய்க்குள் முடிந்தது, இரண்டு மணி நேர வேலை. ஸ்டார்ட் செய்து மிதித்ததும், இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ விசில் அடிக்கும் சத்தம் வெளியே கேட்டது, கால் எடுத்தால் ஒரு பெருமூச்சு. தம்பி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணா, வண்டி பறக்குதுணா" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மறைக்க ஒன்றுமில்லை. பாக்ஸ் என்பது ஃபில்டருக்கு வீடு மட்டும் இல்லை, சத்தத்தை அடக்கும் அறையும் அதுதான். அதை எடுத்துவிட்டால் எந்த இன்ஜினும் கர்ஜிக்கும். காதுக்கு வேகமாகக் கேட்பதைக் கால் நம்பிவிடுகிறது.

இரண்டு மாதம் ஓடியது. ஆகஸ்டில் தம்பியே போன் செய்தான். மதியத்தில், அதுவும் வேலூர் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிராஃபிக்கில் மாட்டி வெளியே வந்தால், வண்டி பழையபடி மந்தமாக இருக்கிறது, ராத்திரியில் பரவாயில்லை என்றான். அப்போதுதான் நான் அளக்க ஆரம்பித்தேன். ஜூனிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்.

பட்டறையில் கோளாறு பார்க்க மெஷின் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ப்ளூடூத் டாங்கிள் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதையும் போனையும் வைத்தால் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம், ஒரு நொடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது, டர்போ அழுத்தம் எல்லாம் எண்ணாக வந்துவிடும். வெயில் நாளுக்கு நாள் மாறும் என்பதால் காற்றின் வெப்பத்தை அப்படியே எழுதிப் பயனில்லை, வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்றுதான் எழுத வேண்டும். கோன் ஃபில்டரோடு நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது வெளிக்காற்றைவிட 21 டிகிரி அதிகம். கிரீன் சர்க்கிளில் பத்து நிமிஷம் ஊர்ந்தபோது 38 டிகிரி அதிகம்! அன்றைக்கு வெளியே 36, ஆக உள்ளே போனது 74 டிகிரிக் காற்று. அது எங்கிருந்து வருகிறது என்று பானட்டைத் தூக்கிப் பார்த்தாலே புரியும். ரேடியேட்டர் விசிறி சுடச்சுட ஊதுவது நேராக அந்தச் சிவப்புக் கோன் மேல். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணமாக இருக்கும் ஊரில், இன்ஜினுக்கு அடுப்பங்கரைக் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சூடான காற்று என்றால் அடர்த்தி குறைந்த காற்று. அதே கொள்ளளவில் ஆக்ஸிஜன் குறைவு. 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் அடர்த்தியில் 9 சதவீதம் காணாமல் போய்விடும், இதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

ஆகஸ்டில் நான் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. கோனை மட்டும்தான் அளந்தேன். பரணில் கிடந்த பழைய பாக்ஸை இறக்கி மாட்டி, அதே சாலையில் ஒருமுறை ஓட்டி ஒப்பிடவில்லை. ஒப்பிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சூடுதான் பிரச்சினை, ஃபில்டரைச் சூடில்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் சரி என்று முடிவு கட்டி, செப்டம்பரில் நீளமான குழாய் போட்டு, கோனை முன் பம்பருக்குள், இடது பக்க பனி விளக்குக்குப் பின்னால் இறக்கிவிட்டோம். இந்த முறை எண்கள் அழகாக வந்தன. வெளிக்காற்றைவிட 4 டிகிரிதான் அதிகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தரையிலிருந்து அந்த ஃபில்டரின் உயரம் ஒன்றே கால் அடி என்பதை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

நவம்பர் மழை

பாலாற்றை நீரில்லா ஆறு என்பார்கள். 2021 நவம்பரில் அதே ஆறு கரை புரண்டு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள், ஆனாலும் வேலூர்க்காரனுக்குத் தண்ணீர் பயம் கொஞ்சம் குறைவுதான். வெயிலுக்குத்தான் தயாராக இருப்போம்.

2023 நவம்பரில் ஒரு ராத்திரி, நல்ல மழை, நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னால் ஒரு ஆட்டோ தாண்டிப் போய்விட்டதைப் பார்த்து தம்பியும் விட்டிருக்கிறான். எதிரே வந்த லாரி எழுப்பிய அலை பம்பர் மேல் அடித்தது. வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. போன் வந்தபோது மணி ஒன்பதரை.

"இன்னாணா பண்றது, ஆஃப் ஆயிடுச்சு. இன்னொரு தபா செல்ஃப் அடிச்சுப் பாக்கட்டுமா?"

"சாவியத் தொடாதடா. கையில எடுத்துக்கினு கீழ எறங்கு" என்றேன். வாழ்க்கையில் நான் அவனிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

ஏன் அந்தப் பதற்றம் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். 1248 சிசியை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 312. இந்த டீசலின் அமுக்க விகிதம் 17-க்கும் மேல். பிஸ்டன் உச்சிக்கு ஏறியதும் அதன் தலைக்கு மேல் மிச்சமிருக்கும் இடம் சுமாராக 19 மில்லி. இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியில் இரண்டு மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனால் மேலே ஏற முடியாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் மோட்டாரோ, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற சிலிண்டர்களோ விடாமல் தள்ளும், ஏதாவது ஒன்று வளைந்தாக வேண்டும், வளைவது பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. அதன்பிறகு இன்ஜினைப் பிரிக்காமல் தீராது. இந்தச் செலவை இன்சூரன்ஸில் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள், இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தாலொழிய சாதாரணப் பாலிசியில் பெரும்பாலும் கிடைக்காது. காற்றுப் பாதையை நாமே மாற்றியிருந்தால் அதுவும் சந்தேகம்தான்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கொணவட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த பட்டறைக்குப் போனோம். பாய் முப்பது வருஷமாக டீசல் பார்ப்பவர். காலையில் வந்ததும் முதலில் கோன் ஃபில்டரைப் பிழிந்தார், பிழிந்த துணி மாதிரி தண்ணீர் கொட்டியது. உள்ளே தண்ணீர் இருந்தால் வெளியே வர வழியாக, சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ராட்செட் போட்டு என்னைக் கையால் சுற்றச் சொன்னார். மெதுவாக, ஒரு கையால். இடறினால் உடனே நிறுத்த வேண்டும். முதல் சுற்றில் இரண்டாவது சிலிண்டரின் துளையிலிருந்து புகை மாதிரி ஒரு ஈரம் வந்தது, அப்புறம் ஒரு சின்னத் தெறிப்பு, என் சட்டைக் கையில் நாலைந்து சொட்டு. அவ்வளவுதான். நாலு சிலிண்டரும் தடையில்லாமல் சுற்றின. "அல்லா காப்பாத்தினான் தம்பி, ரெண்டாவது தபா செல்ஃப் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். தம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே என்ன இருந்தது

தண்ணீர்க் கண்டம் தாண்டியது சரி, பாதை முழுவதையும் கழற்றிக் காய வைக்க வேண்டுமே, அப்போதுதான் மற்றது வெளியே வந்தது. ஏர் ஃப்ளோ சென்சாரிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது, அதாவது சுத்தமாக இருக்க வேண்டிய பக்கம். அதற்குள் விரலை விட்டுத் துடைத்தேன். விரல் நுனியில் செம்மண் நிறத்தில் ஒரு பசை ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தால் நறநற என்று இருந்தது. ஃபில்டர் எண்ணெயும் புழுதியும் கலந்த பசை அது. பாதி கோன் வழியாகவே வந்திருக்கும், பாதி நாங்கள் போட்ட எம்-சீல் ஜாயிண்ட் வெயிலில் விரிந்து சுருங்கி விட்ட விரிசல் வழியாக. அந்த விரிசலில் என் நகம் போனது.

டர்போவின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கம்ப்ரஸர் சக்கரத்தின் இறகு விளிம்புகள் பளபளப்பாக, கத்தி மாதிரி இருக்க வேண்டும். சாம்பல் பூத்து மழுங்கியிருந்தன. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்குமேல் சுற்றும் சக்கரம் அது, அந்த வேகத்தில் வந்து மோதும் ஒவ்வொரு மண் துகளும் உப்புத்தாள்தான். மண்ணில் பெரும்பகுதி சிலிக்கா, மோஸ் கடினத்தன்மை அளவில் 7, சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் மணல் பரவாயில்லை, எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு இருக்கிற தூசிதான் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்தில் புகுந்து அரைக்கும். காட்பாடி குடியாத்தம் சாலையில் தினம் போகிறவன் வண்டி எவ்வளவு தின்றிருக்கும்? 3,000 சுற்றில் இந்த இன்ஜின், டர்போ அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காமலே, நிமிஷத்துக்கு 1,870 லிட்டர் காற்றை இழுக்கிறது. மணிக்கு 112 கன மீட்டர். நம் வீட்டு ஹால் ஒன்றில் இருக்கும் காற்றைவிட அதிகம், அதுவும் மணல் லாரிக்குப் பின்னால் இருக்கும் காற்று.

இங்கே காகித ஃபில்டருக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். 300 ரூபாய் காகிதம்தானே என்று அதை எல்லோரும் இளக்காரமாகப் பார்க்கிறோம். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்றே ஒரு உலகத் தரம் இருக்கிறது, அளந்து எடுத்த தூசியை ஊதி, எவ்வளவு அந்தப் பக்கம் போகிறது என்று எடை போடுவார்கள். நல்ல காகித ஃபில்டர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும். கொஞ்சம் தூசி படிந்தால் அந்தத் தூசியே இன்னொரு சல்லடையாகி முன்பைவிட நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழற்றி ஏர் அடிக்கக் கூடாது என்கிறேன். நம் பக்கம் எல்லாப் பட்டறையிலும் இதைச் செய்வார்கள், சேவை என்று நினைத்து. பலமாக ஏர் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அதன்பிறகு அது ஃபில்டர் இல்லை. எண்ணெய்த் துணி ஃபில்டரே தப்பு என்று நான் சொல்லவில்லை, ரேஸ் டிராக்கில் அதற்கு வேலை இருக்கிறது, ஒவ்வொரு ரேஸுக்கும் இன்ஜின் பிரிக்கிறவர்கள் அவர்கள். நாம் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டியவர்கள்.

சென்சார் கதை தனி. அதற்குள் ஒரு மெல்லிய சூடான பட்டை இருக்கும். போகிற காற்று அதைக் குளிர வைக்கும், அதன் சூட்டை அப்படியே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அதை வைத்து எவ்வளவு காற்று போனது என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ கணக்குப் போடும். அந்தப் பட்டை மேல் ஃபில்டர் எண்ணெய் படிந்து, தூசி ஒட்டி, ஒரு போர்வையே போர்த்தியிருந்தது. போதாததற்கு எல்போவை சென்சாரின் வாய்க்கே ஒட்டி வைத்திருந்தோம், வளைவில் சுழன்று வரும் காற்று பட்டையின் ஒரு பக்கம் பலமாகவும் இன்னொரு பக்கம் லேசாகவும் படும். ஐடிலிங்கில் 6 கிராமைச் சுற்றி அசையாமல் நிற்க வேண்டிய எண் 4-க்கும் 8-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்ததை ஆகஸ்டிலேயே பார்த்தேன், டாங்கிள் மலிவானது என்று விட்டுவிட்டேன். இந்த வகை டீசலில் மிதிக்கும்போது எவ்வளவு எரிபொருள் விடலாம், புகைக் காற்றை எவ்வளவு திருப்பி உள்ளே விடலாம் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது. காற்று குறைவு என்று சென்சார் சொன்னால் ஈசியூ டீசலையும் குறைத்துவிடும். புகை வராமல் பார்த்துக்கொள்வது அதன் கடமை. நமக்கு அது பிக்கப் இல்லை என்று தெரியும்.

"மூக்கு எங்க தம்பி?"

பரணில் இருந்த பாக்ஸைக் கொண்டுவந்து பாயிடம் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு மூக்கு எங்க தம்பி? தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்றார். நாங்கள் கழற்றும்போதே மூக்கு இல்லை. பாக்ஸின் வாயிலிருந்து முன்பக்கம், பானட் பூட்டுக்குப் பக்கத்தில் உயரமான இடம் வரை ஒரு பிளாஸ்டிக் குழாய் போகும், வெளிக்காற்றை அதுதான் கொண்டுவரும். இதற்கு முன் வைத்திருந்தவரிடம் எப்போதோ முன்பக்கம் இடித்து பம்பரை மாற்றியிருக்கிறார்கள், மூக்கைத் திரும்ப மாட்டவில்லை. ஆக வாங்கிய நாளிலிருந்தே வண்டி இன்ஜின் சூட்டைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. பாக்ஸுக்குள் இருந்த காகித ஃபில்டர் எந்தக் காலத்தில் மாற்றியதோ, மடிப்புகள் மண்ணால் மூடியிருந்தன. டர்போவிலிருந்து மேலே போகும் ஹோஸின் கிளிப் ஒன்று தளர்ந்து, சுற்றிலும் எண்ணெய் கசிந்த கறை. மூன்று சின்னக் குறைகள், எல்லாம் சேர்த்து சரிசெய்ய ஆயிரம் ரூபாய் ஆகாது. பிக்கப் இல்லை என்று தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நாங்கள்தான் காரணத்தைத் தேடாமல் மருந்து வாங்கப் போனோம்.

இந்தத் தடவை அளந்துவிட்டுத்தான் மறு வேலை என்று பிடிவாதமாக இருந்தேன். ஃபில்டர் எவ்வளவு மூச்சை அடைக்கிறது என்பதை அளக்க ஒரு வழி செய்தோம், யாரும் செய்யலாம். மருந்துக் கடைக்குக் குறைவில்லாத ஊர் இது, ஒரு சலைன் ட்யூப் வாங்கி, இரண்டடி மரப் பலகையில் ‘ப’ வடிவத்தில் வளைத்து ஆணியடித்து, பாதி வரை சொட்டு நீலம் கலந்த தண்ணீர் ஊற்றி, நடுவில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒட்டினேன். ஒரு முனை திறந்திருக்கும். மறு முனையில் ஊசியைச் செருகி, சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸில் குத்தினோம் (வேலை முடிந்ததும் பஞ்சர் பேட்ச் போட்டு அடைத்துவிட்டோம், அந்த ஓட்டையும் புழுதிக்கு வாசல்தானே). ட்யூப் ஜன்னல் வழியாக உள்ளே வரும். தம்பி ஓட்ட, நான் பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பள்ளிகொண்டா பக்கம் விடிகாலை காலியான சாலையில், மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து 4,000 சுற்று வரை. நீலத் தண்ணீர் ஒரு காலில் ஏறி இன்னொரு காலில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்போது, இன்ஜின் மூச்சு விடுவதையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

அந்த மண் அடைத்த பழைய ஃபில்டருக்கு இரண்டு காலுக்கும் வித்தியாசம் 23 சென்டிமீட்டர். புதுக் காகித ஃபில்டருக்கு 13. நன்றாகக் கழுவிக் காயவைத்த கோனுக்கு 7.

கோன் ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறதா? 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது ஏறக்குறைய 1 கிலோ பாஸ்கல். நம்மைச் சுற்றி இருக்கும் காற்றழுத்தமே 100 கிலோ பாஸ்கல். புதுக் காகிதத்துக்கும் கோனுக்கும் இருக்கும் 6 சென்டிமீட்டர் வித்தியாசம் 0.6 சதவீதம், அதுவும் முழுதாக மிதித்து உச்சச் சுற்றில் இருக்கும்போது மட்டும். பானட்டுக்குள் வைத்த கோனால் வந்த சூடு என்ன? பின்னால் மூக்கு வைத்து அளந்த பாக்ஸைவிட (அதற்கு வெளிக்காற்றைவிட 6 டிகிரிதான் அதிகம்) 15 டிகிரி அதிகம், அடர்த்தியில் நாலரை சதவீத நஷ்டம். அரை சதவீதம் வாங்க நாலரையைக் கொடுத்திருக்கிறோம். இதைத் தவிர டர்போ டீசலில் இன்னொன்றும் இருக்கிறது. டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்பதற்கு வேஸ்ட்கேட் என்ற வால்வு ஒரு வரம்பு வைத்திருக்கிறது, எவ்வளவு டீசல் விடலாம் என்பதற்கு ஈசியூ ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஃபில்டரைத் திறந்துவிட்டால் அந்த இரண்டு வரம்பும் நகராது.

மூன்றாவது மாற்றம்

மூக்கு பழைய சாமான் கடையில் கிடைக்கவில்லை. நாங்களே செய்தோம், இந்த முழுக் கதையிலும் செய்ய வேண்டியிருந்த ஒரே கைவேலை இதுதான். உள்ளே கம்பிச் சுருள் வைத்த 63 மி.மீ. வளையும் ஹோஸ். பாக்ஸின் வாயின் பரப்பைவிட இது சிறுக்கக் கூடாது என்பதைக் காகிதத்தில் அச்செடுத்துப் பார்த்துக்கொண்டேன். முன் முனையை கிரில்லுக்குப் பின்னால் பானட் பூட்டு மட்டத்தில், நேராக முன்னே பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் கட்டினோம், மழை நேராக அடிக்காது. சருகும் எலியும் வராமல் இருக்க அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை போட்டோம்; கொசுவலை வேண்டாம், அது சீக்கிரம் அடைத்துவிடும். ஹோஸ் ஓரிடத்தில் தொங்கித் தண்ணீர் தேங்காதபடி சரிவாக. பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை தொழிற்சாலையிலேயே விட்டிருப்பார்கள், மண் அடைத்திருந்தது, குத்திவிட்டோம். சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும், கைபடாமல், பட்ஸ் வைத்துத் தேய்க்காமல், அடித்துக் காயவைத்தோம். புதுக் காகித ஃபில்டர், புது கிளிப். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பாக்ஸில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாய் சாக்பீஸ் தூள் தடவி மூடித் திறந்து காட்டினார், கோடு சுற்றிலும் அறுபடாமல் விழ வேண்டும்.

வெளிக்காற்றைவிட 6 டிகிரிதான் அதிகம். மூக்கில்லாத பாக்ஸுக்கு இது 15-ஆக இருந்தது. ஐடிலிங்கில் சென்சார் எண் 6-இல் அசையாமல் நின்றது. மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80 வரை ஐந்து தடவை ஓட்டிச் சராசரி எடுத்தோம், 8.8 நொடி. பானட்டுக்குள் கோன் இருந்தபோது ஆகஸ்டில் 9.6, பம்பருக்குள் இருந்தபோது 9.2. கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் என்பதால் 0.2 இப்படி அப்படி இருக்கலாம், ஆனாலும் திசை தெளிவு. இதில் பெரும்பங்கு சென்சாரைச் சுத்தம் செய்ததால் வந்தது என்பது என் எண்ணம்.

முழுதாக மீளவில்லை, அதையும் எழுத வேண்டும். முன்பெல்லாம் டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கியதே இல்லை. இப்போது 5,000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து மாதப் புழுதி ரிங்குகளை அரைத்ததன் அடையாளம் அது, எந்த ஃபில்டர் போட்டாலும் திரும்பி வராது. டர்போவை இப்போதைக்குத் தொட வேண்டாம், ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லை, விசில் சத்தம் மாறினால் மட்டும் கொண்டுவாருங்கள் என்றார் பாய். தம்பிக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கு அவனைவிட அதிகம், ரெடியூசரை அறுத்தது நான்.

2024 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு நாலு பேரோடு ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். இரண்டாவது கியரில் தயங்காமல் ஏறியது. இப்போது எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஃபில்டருக்கு அந்தப் பக்க ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உள்ளே ஒரு துடைப்பு துடைத்து, துணியை போட்டோ எடுத்து அனுப்புகிறான். கடைசி மூன்று துணியும் வெள்ளையாகவே இருந்தன.

63 மி.மீ. ஹோஸ் இரண்டடி மிச்சம் இருக்கிறது. அவன் சிநேகிதன் ஒருவன் பேர்ணாம்பட்டில் அதே மாடல் வைத்திருக்கிறான், பிக்கப் இல்லையாம், கோன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான். பானட்டைத் தூக்கி பாக்ஸுக்கு மூக்கு இருக்கிறதா என்று ஒரு போட்டோ எடுத்து முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.